சிவப்பு போதவில்லை

சரக்கு ரயில் ஓட்டும் டிரைவர் அவர். ஐம்பதை நெருங்குகிற வயதில் சிலருக்கு நாக்கில் ருசி கூடும், சிலருக்கு நிலத்தின் மேல் ஆசை வரும். இவருக்கு வானத்துப் பைத்தியம் பிடித்தது. பிடித்து ஒன்பது வருடம் ஆகியும் விட்டபாடில்லை. மொட்டை மாடியில் தகரத்தால் ஒரு கூண்டு கட்டி, அதற்குள் முழங்கை நீளத் தொலைநோக்கி ஒன்றை நிறுத்தியிருந்தார். வானம் நகர நகர அதுவும் கூடவே நகர்வதற்கு அடியில் ஒரு மோட்டார், பின்புறம் ஒரு கேமரா. வீட்டு வாசலையே பல நாள் பூட்ட மறந்துவிடுகிறவர், அந்தக் கூண்டுக்கு மட்டும் இரண்டு பூட்டுப் போட்டிருந்தார்.

கடைசி மூன்று குளிர்காலமாக அவர் ஒரே ஒரு நெபுலாவின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். நட்சத்திரங்களுக்கு நடுவே பரந்து கிடக்கும் வாயு மேகம் அது. நடுவில் ஓட்டை விழுந்த ரோஜாப்பூ போல இருப்பதால் ரோஜா நெபுலா என்று பெயர். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கியில் கண்ணை வைத்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஐந்தைந்து நிமிடம் கேமராவைத் திறந்து வைத்து, வருகிற வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். நிலா இருக்கக் கூடாது, காற்று கூடாது, பக்கத்து மாடியில் விளக்கு எரியக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேல் அன்றைக்கு அவருக்கு டியூட்டி இருக்கக் கூடாது. இத்தனையும் கூடி வந்த இரவுகளில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மாடிக்கு ஏறிவிடுவார்.

"போங்க போங்க, சக்களத்தி காத்துக்கிட்டிருப்பா," என்பாள் மனைவி. "மூணு மாசம் வந்துட்டுப் போறவளுக்கு இந்த உபசாரம். வருஷம் பூரா கூட இருக்கிறவளுக்கு ஒரு வாய் வார்த்தை உண்டா?"

மூன்றாவது குளிர்காலம் முடிந்தபோது இருநூற்றுப் பதினான்கு படங்கள் தேறின. விமானம் கோடு கிழித்துப் போனவை, காற்றில் நடுங்கியவை எல்லாவற்றையும் கழித்துவிட்ட பிறகு மிஞ்சியவை. டிரைவர் நான்கு நாள் லீவு போட்டார். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு காலியாக இருந்த அறையில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் இருட்டு உண்டாக்கிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தார்.

படம் எடுப்பது பாதி வேலைதான். அதைப் பக்குவப்படுத்துவது மீதிப் பாதி. முதலில் எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒரு படத்தில் இருக்கும் புள்ளியும் பொறியும் அடுத்ததில் இருக்காது; மேகம் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். அடுக்க அடுக்க அந்தப் புள்ளிகளின் இரைச்சல் அடங்கி மேகம் நிற்கும். அப்படி அடுக்கி முடித்த படத்தைத் திறந்தால் வெறும் கறுப்பாகத்தான் இருக்கும். அந்தக் கறுப்பை, வெளிச்சத்தைத் துளித்துளியாகக் கூட்டி, மெதுவாக இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க, துணி மேல் ஈரம் பரவுவது போல ஓர் ஓரத்திலிருந்து மேகம் ஊறி வரும். அந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனை பாடும். முதல் நாள் மாலை அது ஊறி வந்தபோது அவர் மனைவியைக் கூப்பிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, "அழகிதான்," என்று ஒப்புக்கொண்டாள்.

நிறம் சேர்ப்பதில்தான் வம்பு ஆரம்பித்தது. அவருடைய கேமராவுக்கு நிறம் தெரியாது, எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் சொல்லும். சிவப்பு, பச்சை, நீலம் என்று வடிகட்டிக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி முன்னால் வைத்து எடுத்து, பிறகு கணினியில் மூன்றையும் கலக்க வேண்டும். எவ்வளவு கலப்பது என்பது கலக்குகிறவர் கண்ணைப் பொறுத்தது. ரோஜா நெபுலா என்றால் சிவப்பு. ஆனால் திரையில் வந்தது நனைந்த அட்டை நிறத்தில் இருந்தது. சிவப்பைக் கூட்டினார். பரவாயில்லை என்று தோன்றியது. மறுநாள் காலையில் திறந்தால் மறுபடியும் வெளிறிக் கிடந்தது. இன்னும் கூட்டினார். திரையின் மேல் சந்தேகப்பட்டார், வடிகட்டியின் மேல் சந்தேகப்பட்டார், மின்சாரத்தின் மேல்கூடச் சந்தேகப்பட்டார். நான்காம் நாள் ஒருவழியாக மனசுக்குத் திருப்தியான ஒரு சிவப்பு வந்தது. அதைக் கோப்பாக்கி மைத்துனனுக்கு அனுப்பி வைத்தார்.

மைத்துனன் மனைவியின் தம்பி. கடைத்தெருவில் அச்சகம் வைத்திருந்தான். வாயைத் திறந்தால் கேலி. ஆனால் அக்காள் வீட்டுக்காரர் என்றால் உயிர். நகர நூலகத்துக் கூடத்தில் வானியல் சங்கம் நடத்தப் போகும் கண்காட்சிக்காக, இந்தப் படத்தை ஆள் உயரத்துக்கு அடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

மறுநாள் மத்தியானம் டிரைவர் அச்சகத்துக்குப் போனபோது படம் மேசையில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"மாப்ள, மை கம்மியா போட்டுட்டியா? சிவப்பு பத்தலையே."

மைத்துனன் சிரித்தான். "மச்சான், வெளையாடாதீங்க. நானே உங்ககிட்ட என்னன்னு கேக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். இது மேகமா, கசாப்புக் கடையா? கோப்பைத் திறந்ததும் என் மிஷின்காரர் பயந்துட்டாரு."

"உன் மிஷினைப் பாரு மொதல்ல. நான் ராத்திரி பகலா கண்ணு முழிச்சு எடுத்தது. இப்படி வெளுத்துப் போட்டுத் தரதுக்கா உங்கிட்ட குடுத்தேன்?"

குரல் உயர்ந்துவிட்டது. மிஷின்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். மைத்துனனுக்கும் ரோஷம் வந்தது. மிஷின் போன வாரம்தான் பழுது பார்த்தது, மை புதுசு, வேண்டுமானால் பாருங்கள் என்று சுவரைக் காட்டினான். மூன்று வருடத்துக்கு முன்னால் டிரைவரே எடுத்து, அவரே நிறம் கலந்து, இதே அச்சகத்தில் அடித்த வேறொரு நெபுலாவின் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் அங்கே தொங்கியது.

"அது நல்லா வந்திருக்கா இல்லையா? அன்னிக்கு அதைப் பாத்துட்டு என் தோள்ல தட்டிக் குடுத்தீங்களே."

டிரைவர் பார்த்தார். "அதுவும்தான் வெளுத்துப் போச்சே. வெயில் படுதா அங்க?"

அங்கே வெயில் படாது. மைத்துனன் கேலி முழுக்க வடிந்துபோன முகத்தோடு மேசை இழுப்பறையைத் திறந்து, அச்சு மை சரிபார்க்கும் நிற அட்டையை எடுத்தான். சின்னச் சின்னக் கட்டங்களாக நூறு நிறம் இருக்கும் அட்டை. ஒரு வரிசையின் மேல் விரலை ஓட்டினான்.

"இதுல எது எது வேற வேற, சொல்லுங்க."

டிரைவர் அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். "இது ஒண்ணு. இது ஒண்ணு. நடுவுல இருக்கிற நாலும் ஒரே கலர்தானே? மண்ணு கலர்."

மைத்துனன் அட்டையை வாங்கி, மெதுவாகத் திருப்பிக் கவிழ்த்து வைத்தான். அந்த நான்கில் ஒன்று நல்ல சிவப்பு, ஒன்று பழுப்பு, ஒன்று செங்கல் நிறம், ஒன்று பாசிப் பச்சை. வாய்விட்டு அவன் சொல்லவில்லை. கவிழ்த்து வைத்த விதத்திலேயே டிரைவருக்கு விளங்கிவிட்டது. மிஷின் ஓடாத அச்சகம் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

கண் டாக்டர் அம்மாள் இரண்டு நாள் வைத்துச் சோதித்தார். கண்ணுக்குப் பின்னாலிருக்கும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, முதலில் சிவப்பு போகும், பிறகு பச்சை, பார்வை முழுதாகப் போகாது, ஆனால் போன நிறம் திரும்பி வராது என்று காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். டிரைவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"வண்டி ஏதாவது ஓட்டுறீங்களா?"

"ஓட்டுறேன்."

"என்ன வண்டி? காரா?"

"ரயில், டாக்டர்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

அன்றைக்கு மாலை வீட்டில் டிரைவர், மனைவி, மைத்துனன் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தட்டில் போட்டது போட்டபடி ஆறிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். ரயில்வேயின் அடுத்த கண் பரிசோதனை அதற்குப் பிறகுதான் வரும். மைத்துனனுக்கு வழி தெளிவாகத் தெரிந்தது.

"யாருக்கும் தெரிய வேண்டாம் மச்சான். முப்பத்தொரு வருஷமா ஓட்டுற பாதை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவீங்க. பதினாலு மாசம்தானே? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடுங்க."

டிரைவரும் அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். "சிவப்பு எப்பவும் கீழ் விளக்கு. மஞ்சள் நடுவுல, பச்சை மேல. கலர் தெரியலேன்னா என்ன, எந்த விளக்கு எரியுதுன்னு தெரிஞ்சா போதும். ஒவ்வொரு கம்பமும் எனக்கு மனப்பாடம்."

மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடமாகப் பதிவேடு எழுதுகிறவள். ஒரு எண் பிசகினாலும் திரும்பப் பார்க்கிற பழக்கம்.

"மூடுபனியில?" என்று கேட்டாள். "பனியில கம்பமே தெரியாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க. வெறும் வெளிச்சம் மட்டும்தான் தெரியும்னு."

டிரைவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்து டியூட்டிக்குப் போனார். இன்ஜினில் அவருடன் வரும் உதவி டிரைவர் முப்பத்தைந்து வயதுப் பெண். குரல் கோவில் மணி மாதிரி இருக்கும் என்பதால் பணிமனையில் எல்லோரும் அவளைக் கணீர் என்றே கூப்பிட்டார்கள். நான்கு வருடமாக இருவரும் ஒரே வண்டியில். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். அவளுடைய மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று வாரம் அவளுடைய இரவு முறைகளையெல்லாம் தன் முறைகளோடு மாற்றிக் கொடுத்தவர் அவர். அடுத்த மாதம் வெளியாகப் போகும் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. முழு டிரைவராகப் போகிறாள்.

சிக்னல் கண்ணில் பட்டதும் இருவரும் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒருவர் பார்த்தது மற்றவருக்கும் உறுதியாக வேண்டும். அன்றைக்குத்தான் டிரைவர் தன் குரலைத் தானே கவனித்தார்.

"பச்சை!" என்றாள் அவள்.

"பச்சை," என்றார் இவர்.

"மஞ்சள்!"

"மஞ்சள்."

ஒரு தடவைகூட இவர் முந்தவில்லை. வேண்டுமென்றே ஒரு வளைவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்து பார்த்தார். சிக்னல் அவருக்கு ஓர் அழுக்கு வெளிச்சமாகத் தெரிய ஆரம்பிப்பதற்கு வெகு முன்பே அவள் இருக்கையிலிருந்து எழுந்து, கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, "சிவப்பு அண்ணே, சிவப்பு, நல்லா சிவப்பு," என்றாள். எந்த விதியிலும் மூன்று முறை சொல்லச் சொல்லியிருக்கவில்லை.

எதிர்வண்டிக்காக ஒரு பக்கப் பாதையில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. நல்ல வெயில். தண்டவாளத்துக்கு அப்பால் யாரோ துவைத்த துணிகளை வேலி மேல் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

அவள் புரியாதது மாதிரி நடிக்கவில்லை. தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு விடியக்காலை, பனியில, நினைவிருக்கா? நான் கத்தினேனே."

நினைவிருந்தது. மஞ்சள் என்று நினைத்து மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். அவள் சிவப்பு என்று கத்தியதும் பிரேக்கை இழுத்தார். சிக்னலுக்கு ஒரு பெட்டி நீளம் முன்னால் வண்டி நின்றது. தாண்டவில்லை, அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தூக்கக் கலக்கம் என்று அன்றைக்குத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

"நானும் மொதல்ல தூக்கம்னுதான் நெனச்சேன். அப்பறம் கவனிச்சுப் பாத்தேன். நான் சொல்லாம நீங்க சொல்றதில்ல."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாருகிட்ட? உங்ககிட்ட எப்படி அண்ணே சொல்லுவேன், உங்களுக்குக் கண்ணு போச்சுன்னு? மேல போய் சொல்ல மனசு வரல. நீங்களே உணர்ந்துக்குவீங்கன்னு இருந்தேன். அதுவரைக்கும் என் கண்ணு இருக்குல்ல." அவள் தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். "ராத்திரி வீட்டுக்குப் போனா தலை வெடிக்கும். ரெண்டு பேருக்குப் பாக்கறது லேசு இல்லண்ணே."

டிரைவர் பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினார். இரண்டு மாதமாக ஒரு பெண்பிள்ளை தன்னையும் சுமந்துகொண்டு, அறுபது பெட்டியையும் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். தானோ அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சிவப்பு பத்தவில்லை என்று மின்சாரத்தைத் திட்டிக்கொண்டிருந்ததை நினைத்தபோது, வெட்கத்தில் கழுத்து வரைக்கும் சுட்டது.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய மறுநாள் காலை, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து பணிமனை அதிகாரியைப் பார்க்கப் போனார். மனைவியிடம் சொன்னார். மைத்துனனிடம் சொல்லவில்லை, தடுப்பான் என்று. கணீரிடமும் சொல்லவில்லை. அவளை இதில் இழுக்கவே கூடாது, தன்னோடு போகட்டும் என்று எண்ணினார். பிற்பாடு எத்தனையோ தடவை அந்தக் காலையைத் திரும்ப நினைத்துப் பார்த்தபோதும், அது கெட்ட எண்ணம் என்று அவரால் சொல்ல முடிந்ததில்லை. யோசனைதான் போதாமல் போயிற்று.

அதிகாரி டாக்டர் எழுதிய காகிதத்தைப் படித்தார். நல்ல மனிதர். நாற்காலியைக் காட்டி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"நீங்களா வந்து சொன்னது பெரிய விஷயம். இன்னிலேருந்து வண்டி கிடையாது, அது உங்களுக்கே தெரியும். கவுண்டர் வேலைக்கு மாத்திடறேன். மத்தபடி ஒண்ணும் ஆகாது." காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டார்: "உங்க உதவி டிரைவருக்கு இது தெரியுமா?"

அந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை.

"தெரியாது சார். அந்தப் பொண்ணுக்கு எதுவும் தெரியாது."

"சிக்னல் கிட்ட ஏதாவது சம்பவம்?"

"இல்ல சார்."

எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் கணீரைக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார்கள். அண்ணன் தானாகப் போய் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று அவள் பணிமனை முழுக்கக் கேள்விப்பட்டிருந்தாள். தன்னைத் தானே காட்டிக்கொடுக்கத் துணிந்த மனிதர் எதையும் மறைத்திருக்க மாட்டார் என்று அவளுக்கு நம்பிக்கை. தான் ஏதாவது மாற்றிச் சொன்னால் அவர் சொன்னது பொய்யாகிவிடுமே என்று பயந்து, பனிமூட்டத்து விடியற்காலையிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள்.

டிரைவரை மறுபடியும் கூப்பிட்டார்கள். அதிகாரியின் மேசையில் இரண்டு காகிதம் பக்கம் பக்கமாக இருந்தன. இந்த முறை தண்ணீர் வரவில்லை.

"இதுல எது பொய்?"

"என்னோடது சார்."

"ஏன் இப்படிப் பண்ணீங்க? ரெண்டு பேரும் சேந்து வந்து ஒண்ணா உண்மையைச் சொல்லியிருந்தா, நான் ஒரு எச்சரிக்கையோட முடிச்சிருப்பேன். இப்ப இது ரெண்டு காகிதம் ஆயிடுச்சு. மேல அனுப்பித்தான் ஆகணும்."

மேலே போன காகிதம் ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது. டிரைவருக்குக் கண்டனம், கவுண்டர் வேலை. உதவி டிரைவர், ஆபத்து என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்ததால், பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து நீக்கம். இரண்டு வருடம் கழித்துத்தான் பதவி உயர்வுத் தேர்வை மறுபடியும் எழுத முடியும். அதுவரை வெளிப் பாதை கிடையாது, பணிமனைக்குள்ளேயே பெட்டி இழுக்க வேண்டும்.

அன்று மாலையே அவர் அவளுடைய வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அவளுடைய கணவன் கதவைத் திறந்து, "உள்ள வாங்க," என்று முறைக்குச் சொல்லிவிட்டு வழியிலேயே நின்றான். அவள் உள்ளேயிருந்து வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அவரோடு படிக்கட்டில் இறங்கி வந்தாள். கீழ்த்தளத்தில் யாரோ தொலைக்காட்சியை அலற விட்டிருந்தார்கள்.

"உன்னைக் காப்பாத்தணும்னுதான் தங்கச்சி அப்படிச் சொன்னேன்."

"தெரியும்."

"நான் ஒரு மடையன்."

"பொய் சொன்னது எனக்குப் பெருசாப் படல. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஒரு வார்த்தை. நாலு வருஷமா இன்ஜினுக்குள்ள உக்காந்து ஒவ்வொரு சிக்னலையும் ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டுத்தானே போனோம்?" அவளுடைய குரல் உடையவில்லை, எப்போதும் போலக் கணீரென்றே இருந்தது, அதுதான் அவரை வாட்டியது. "புள்ளைங்க பரீட்சை நேரம். நான் போறேன்."

அதற்குப் பிறகு அவளைத் தினமும் பார்த்தார். டிரைவர்கள் டியூட்டி ஏறும்போதும் இறங்கும்போதும் கையெழுத்துப் போடும் கவுண்டர்தான் இப்போது அவருடைய இடம். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் வரிசை. அவள் வந்து கையெழுத்துப் போட்டு, வாக்கி டாக்கியை வாங்கிக்கொள்வாள். "வரேன் சார்," என்பாள். முகத்தில் கோபம் இருக்காது. மற்ற எல்லோரிடமும் சொல்வது போலத்தான் சொல்வாள். முதல் தடவை அந்தச் சார் காதில் விழுந்தபோது அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தூக்கவில்லை. பதிவேட்டில் நேரத்தைக் குறிப்பதற்கு இரண்டு பேனா கொடுத்திருந்தார்கள், நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. அவர் சிவப்பின் மூடியில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி வைத்துக்கொண்டார்.

மாடிக் கூண்டை மூன்று மாதம் திறக்கவில்லை. மனைவி ஒரு நாள் அவளாகவே போய் தூசி தட்டிவிட்டு வந்தாள். "சக்களத்தி" என்ற சொல் அந்த வீட்டில் பிறகு கேட்கவே இல்லை. அதை அவர் கவனித்தார். கேலி செய்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

வானியல் சங்கத்தின் செயலாளர் மருந்துக் கடை வைத்திருப்பவர். கண்காட்சி மழையால் தள்ளிப் போய், புதிய தேதி குறித்ததும் அவர் வீடு தேடி வந்தார்.

"நிறம்தானே உங்களுக்குத் தெரியாது? வெளிச்சத்தைச் சேத்தது நீங்கதானே? மூணு வருஷ உழைப்பைப் பெட்டிக்குள்ள போட்டு வெச்சு என்ன பண்ணப் போறீங்க? எங்கிட்ட குடுங்க, நான் கலக்கிப் பாக்கறேன்."

டிரைவருக்குக் கொடுக்க மனமில்லை. தான் பெற்ற பிள்ளைக்கு வேறு யாரோ சட்டை போட்டுப் பார்ப்பதா என்றிருந்தது. ஆனால் மறுக்கவும் தெம்பு இல்லை. இருநூற்றுப் பதினான்கு படத்தையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். மருந்துக் கடைக்காரர் இரண்டு வாரம் உட்கார்ந்து கலந்தார். மைத்துனன் அச்சடித்தான்; வாய் ஓயாதவன் இந்தத் தடவை ஒரு கேலியும் பேசாமல் அடித்து, சட்டம் போட்டு, தானே தூக்கிக்கொண்டு போய் நூலகத்துச் சுவரில் மாட்டினான். கீழே ஓர் அட்டையில் படம் எடுத்தவர், நிறம் கலந்தவர் என்று இரண்டு பேருடைய பெயரும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பகல். கூடத்தில் நல்ல கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று வாயைப் பிளந்தார்கள். என்ன நிறம், என்ன நிறம் என்று அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருக்கு அது சாம்பல் தூவிய பழைய சிமெண்டுச் சுவராகத் தெரிந்தது. மடிப்புகள் தெரிந்தன, நடுவில் ஓட்டை தெரிந்தது, ஓட்டைக்குள் இருக்கும் நட்சத்திரக் கூட்டம் தெரிந்தது. மேகத்தின் ஓரங்கள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை. "ஆமாங்க, நல்லா வந்திருக்கு," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி அவருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பொய் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெரிந்தது.

மூன்று மணிவாக்கில் கணீர் உள்ளே வந்தாள். மகளைக் கையில் பிடித்திருந்தாள். நூலகத்துக்குப் புத்தகம் மாற்ற வந்தவள். கண்காட்சி நடப்பது தெரிந்து வந்தாளா, தெரியாமல் வந்தாளா என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, பெரிய படத்தின் முன்னால் நின்று, கீழே இருந்த அட்டையைப் படித்தாள். பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். அவள் பக்கத்தில் வரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. மகள் ஏதோ கேட்டு அவளுடைய கையை இழுத்தாள். அவள் குனிந்து, "அதோ, அந்த மாமா எடுத்ததுதான். மாமாகிட்டயே போய்க் கேளு," என்றாள்.

சிறுமி ஓடி வந்தாள். ஏழு எட்டு வயசு. முன்பல் ஒன்று இல்லை.

"மாமா, இது ரோஸா, சிவப்பா? அம்மா சிவப்புங்கறா, நான் ரோஸ்ங்கறேன்."

அவர் படத்தைப் பார்த்தார். சொல்லிவிடலாம், இரண்டில் ஒன்றைச் சொன்னால் குழந்தை திருப்தியாகப் போய்விடும். கூடத்தின் நடுவில் நின்றிருந்தவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

"எனக்குத் தெரியலம்மா," என்றார். "மாமாவுக்கு அந்தக் கலர் தெரியாது. கண்ணு கெட்டுப் போச்சு."

"அப்ப எப்படி எடுத்தீங்க?"

"எடுக்கும்போது தெரிஞ்சுது."

குழந்தை அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அம்மாவிடம் ஓடிப் போய், "மாமாவுக்குத் தெரியாதாம்," என்று சத்தமாகச் சொன்னது. கூடத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கணீர் மகளுடைய தலையை ஒரு தடவை தடவிவிட்டு, டிரைவரின் மனைவியைப் பார்த்து, "வரோம்க்கா," என்று சொன்னாள். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் நேரம் ஆகிவிட்டது போல, வாசலைத் தாண்டியதும் குழந்தையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

"அக்கான்னு சொன்னா," என்றாள் மனைவி.

"ம்."

ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்தது. நூலகக்காரர் சாவியோடு வந்து நின்றார். படங்களைக் கழற்ற ஆள் போதவில்லை என்று மருந்துக் கடைக்காரர் கூப்பிட்டார். டிரைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனார். பெரிய படத்தின் ஒரு முனையை மைத்துனன் பிடித்தான், மறு முனையை அவர் பிடித்தார். கதவு குறுகல், சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. "மச்சான், பாத்து, படி இருக்கு," என்றான் அவன். படம் கண்ணை மறைக்க, அவர் காலால் துழாவி, படியைக் கண்டுபிடித்து இறங்கினார்.